இஓடி கிரேன் பயிற்சி: அரை நாள்ல ஃபிட்டர் பசங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறது?

பே3_சூப்பர்வைசர்

எல்லாருக்கும் வணக்கம். துவாக்குடி பக்கம் பாய்லர் பாகம் செய்யிற ஃபேப்ரிகேஷன் ஷாப் ஒண்ணுல ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருக்கேன். எங்க பேல (ஷாப்புக்குள்ள ஒரு நீளக் கூடம்) ஒரே கேண்ட்ரியில (உயரத்துல இருக்கிற தண்டவாளம்) ரெண்டு இஓடி கிரேன், அதாவது தலைக்கு மேல கரண்ட்ல ஓடுற கிரேன், ஓடுது. 10 டன்னுக்கு ரேடியோ ரிமோட், 5 டன்னுக்கு பெண்டென்ட் (கேபிள்ல தொங்குற பட்டன் பெட்டி). ஆபரேட்டர்னு தனியா யாரும் கிடையாது. ஃபிட்டர், கிரைண்டர், வெல்டரோட ஹெல்பர், யாருக்கு எப்போ வேணுமோ அவங்க எடுத்து ஓட்டிக்குவாங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஹெடர் பைப்பை (பாய்லர்ல மத்த குழாய்ங்க வந்து சேர்ற தடிப் பைப்) ஸ்டாண்டு மேல இறக்கும்போது ஒரு பக்கத்து தூக்குப் பெல்ட் உள்பக்கமா நழுவி, பைப் சாஞ்சு, ஸ்டாண்டையே சாய்ச்சிடுச்சு. நல்லவேளை, பக்கத்துல ஆள் இல்லை. உடனே மேலிடத்துல "எல்லாருக்கும் ட்ரெயினிங் போடு"ன்னாங்க. வெளியிலருந்து ஒருத்தர் வந்தார். ஏசி ரூம், ஸ்லைடு ஸ்லைடா இங்கிலீஷ், நடுவுல ஒரு சமோசா டீ. கடைசியில கேள்வித்தாள் குடுத்து விடையையும் அவரே வாசிச்சார். எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட். மறுநாள் முதல் ஷிஃப்ட்லயே, சர்ட்டிஃபிகேட் வாங்கின அதே பையன் வெல்டர் தலைக்கு மேல பிளேட்டைக் கொண்டு போறான். வெல்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

நான் கத்தினதோட பலன், வர்ற சனிக்கிழமை அரை நாள் என் கையிலயே குடுத்துட்டாங்க. "நீயே எடுத்துக்கோ." பசங்கள்ல சிலர் ஒடிசா, பீகார்லருந்து வந்தவங்க. தமிழ் புரியும், படிக்க வராது. ஸ்லைடு எல்லாம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அரை நாள்ல எதைச் சொல்றது, எதை விடுறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஓசூர்_சேஃப்டி

சார், முதல்ல யார் யார் கிரேன் தொடலாம்னு ஒரு லிஸ்ட் போட்டு பேல ஒட்டுங்க, போட்டோவோட. "யாருக்கு வேணுமோ அவங்க ஓட்டுவாங்க"ங்கிறது இருக்கிற வரைக்கும் எந்த ட்ரெயினிங்கும் நிக்காது. ரிமோட் சாவியை ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கணும்னு ஆக்குங்க. ரெண்டு நாள் முணுமுணுப்பாங்க, அப்புறம் பழகிடும்.

சட்டப் பக்கம் சுருக்கமா: தூக்கு இயந்திரம், செயின், ரோப், பெல்ட் எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ள நபர் முழுசாப் பரிசோதிக்கணும், தூக்கு எடை தெளிவா எழுதியிருக்கணும், அதுக்கு மேல ஏத்தக்கூடாது. 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட் 29ஆம் பிரிவு காலத்துலருந்தே இருக்கிற விதி இது. அதே பிரிவுலதான் இன்னொண்ணும் இருந்துச்சு: கிரேன் சக்கரம் ஓடுற பாதைகிட்ட ஆள் வேலை செஞ்சா, கிரேன் அந்த இடத்துக்கு 6 மீட்டருக்குள்ள வரக்கூடாது. பெயின்ட்டரும் எலக்ட்ரீஷியனும் கேண்ட்ரியில ஏறும்போது இதை யாரும் நினைச்சுப் பார்க்கிறதில்லை. 1987ல சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி கேட்கிறதைத் தொழிலாளியோட உரிமையாவே சொன்னது. அதனால மேனேஜ்மென்ட் ஏதோ தர்மம் பண்ற மாதிரி பேசினா மடங்காதீங்க.

கொக்கி_மாமா

தம்பி, நான் கேபின் கிரேன்ல ஆரம்பிச்சு, பெண்டென்ட், ரிமோட் எல்லாம் பார்த்து ரிட்டயர் ஆனவன். இப்போ சின்னச் சின்ன ஷாப்ல கூப்பிட்டா போய் கிளாஸ் எடுக்கிறேன். உங்க கேள்வியிலயே ஒரு விஷயம் விட்டுப்போச்சு. "கிரேன் ஓட்டுறவனுக்குப் பயிற்சி"ன்னு எழுதியிருக்கீங்க. உங்க ஹெடர் நழுவினது ஓட்டினவனாலயா? கட்டினவனால. கிரேன் விபத்துன்னு நாம சொல்றதுல பாதி, கொக்கிக்குக் கீழே நடக்கிற விபத்து. மேல இருக்கிற மோட்டார், பிரேக் எல்லாத்துக்கும் மெயின்டனன்ஸ் ஆள் இருக்கான். கீழே பெல்ட் மாட்டுற பையனுக்கு யாருமே இல்லை. அதனால சனிக்கிழமை கிளாஸ்ல பாதி நேரம் ரிமோட்டைத் தொடவே விடாதீங்க.

முதல்ல எடை. ஒவ்வொருத்தன்கிட்டயும் பேல கிடக்கிற ஒரு ஜாப்பைக் காட்டி "இது எத்தனை கிலோ?"ன்னு கேளுங்க. கண்ணால பார்த்து ஒரு டன் இருக்கும், ரெண்டு டன் இருக்கும்பாங்க. அப்புறம் டேப்பைக் கையில குடுங்க. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டுக்கு ஒரே கணக்குதான்: ஒரு சதுர மீட்டருக்கு, எத்தனை மில்லி தடிமனோ அதை 7.85ஆல பெருக்கினா கிலோ. 25 மில்லி பிளேட், 6 மீட்டருக்கு 2 மீட்டர்னா 2,355 கிலோ. இதை 2 டன் பச்சை பெல்ட் ஒண்ணுல நேராத் தூக்குறவனை நான் பார்த்திருக்கேன். ரவுண்டு பாருக்கு, விட்டத்தை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு இத்தனை கிலோன்னு வரும். உங்க ஹெடருக்கு, வெளிவிட்டத்துலருந்து தடிமனைக் கழிச்சு, அதைத் தடிமனால பெருக்கி, 0.02466ஆல பெருக்கணும். 273 மில்லி, 25 தடிமன்னா மீட்டருக்கு ஏறத்தாழ 153 கிலோ. இதை ஸ்லைடுல போடாதீங்க. சாக்பீஸால தூண்ல எழுதி விடுங்க. யாரும் அழிக்க மாட்டாங்க, அப்படியே இருக்கட்டும்.

பெல்ட் கலரை மனப்பாடம் பண்ண வைங்க: வயலெட் 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. படிக்கத் தெரியாத பையனுக்கும் கலர் தெரியும், அதுக்காகத்தான் கலரே. ஆனா கலரை மட்டும் நம்பாம லேபிளையும் பார்க்கச் சொல்லுங்க, மலிவு பெல்ட்ல கலர் இஷ்டத்துக்கு வருது. லேபிள் கிழிஞ்ச பெல்ட்டை அங்கேயே, எல்லார் முன்னாடியும், கத்தரிச்சுத் தூக்கிப் போடுங்க. குப்பையில முழுசாப் போட்டா சாயங்காலம் திரும்பக் கொக்கியில தொங்கும்.

அடுத்தது கோணம். இதைத்தான் நான் எந்த ஷாப்லயும் முதல்ல செய்து காட்டுறது. ரெண்டு பசங்களை நிக்க வெச்சு, ஒரு கயித்து நடுவுல தண்ணி வாளியைத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்க. பக்கத்துல பக்கத்துல நின்னா சுலபம். இப்போ ஒவ்வொரு அடியா விலகச் சொல்லுங்க. வாளி அதேதான், தண்ணி அதேதான், ஆனா கை இழுக்கும், தோள் இறங்கும். ஒரு கட்டத்துல எவ்வளவு பலசாலியும் கயித்தை நேராக்க முடியாது. பசங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அது மறக்காது. அப்புறம் கணக்கைச் சொல்லுங்க: 2 டன் ஜாப்பை ரெண்டு கால்ல (கொக்கியிலருந்து சாய்வா இறங்குற ரெண்டு பெல்ட்) தூக்கும்போது, கால் தரைக்கு 60 டிகிரியில இருந்தா ஒவ்வொரு காலும் 1.15 டன் தாங்குது. 45 டிகிரின்னா 1.41. 30 டிகிரிக்குப் படுத்துட்டா ஒவ்வொரு காலும் முழுசா 2 டன். டிகிரி அளக்க அங்க யார்கிட்டயும் கருவி இருக்காது, அதனால இப்படிச் சொல்லுங்க: மாட்டுற ரெண்டு புள்ளிக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு காலும் குறைஞ்சது அந்த நீளமாவது இருக்கணும். அப்போ 60 டிகிரி தானா வந்துடும்.

உங்க ஹெடர் ஏன் நழுவுச்சுன்னா, உருண்டைப் பைப்புக்கு அடியில பெல்ட்டை வெறுமனே தொட்டில் மாதிரி போட்டு ரெண்டையும் ஒரே கொக்கியில மாட்டியிருப்பாங்க. தூக்கினதும் ரெண்டு பெல்ட்டும் நடுவை நோக்கித்தான் போகும். பைப்புல எண்ணெயோ பிரைமரோ இருந்தா கேட்கவே வேணாம். ஒரு சுத்து முழுசாச் சுத்தி சோக் (பெல்ட்டோட ஒரு முனையை மறுமுனைக் கண்ணுக்குள்ள விட்டு இறுக்குற சுருக்கு) போட்டு மாட்டணும். சோக் போட்டா பெல்ட்டோட தாங்கு திறன் 80 சதவீதம்தான், அதையும் கணக்குல எடுக்கணும். நீளமான பேனல்னா ஸ்ப்ரெடர் பீம் (பெல்ட்டுங்களை விலக்கிப் பிடிக்கிற குறுக்குச் சட்டம்) இல்லாமத் தூக்கவே விடாதீங்க, வளைஞ்சு சுருங்கி பெல்ட்லருந்து வழுக்கிடும். கூர் விளிம்பு இருக்கிற இடத்துல பேக்கிங். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு போதும், காசு போட்டு வாங்க வேண்டாம்.

பிறகுதான் ரிமோட். ரிமோட்ல ஒரு வம்பு இருக்கு. நீங்க வடக்கே பார்த்து நின்னா வலது பட்டன் ஒரு பக்கம், தெற்கே திரும்பிட்டா மூளைக்கு எல்லாம் தலைகீழ். கர்டர் (கிரேனோட குறுக்கு உத்திரம்) அடியில பெருசா அம்பு போட்டு, அதே குறியை ரிமோட்லயும் ஒட்டுங்க. "இடது, வலது"ன்னு யாரும் பேசக்கூடாது, அம்புக்கு வரைஞ்ச குறிதான் பேச்சு. ஓட்டிப் பழக, ஒரு சின்ன டிரம்ல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்திக் கொக்கியில மாட்டி, தரையில சாக்பீஸ் கோட்டு மேல வளைச்சு வளைச்சுக் கொண்டு போகச் சொல்லுங்க. சிந்தாம போறவனுக்கு டீ. லோடு ஆடும்போது பெரும்பாலான பசங்க பயந்து எதிர்ப்பக்கம் அழுத்துவாங்க, ஆட்டம் இரட்டிப்பாகும். லோடு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே கிரேனைச் சின்னதா ஒரு தட்டுத் தட்டி, லோடுக்கு நேர் மேல கொண்டு வந்து நிறுத்தணும். நாலஞ்சு தடவை செஞ்சா கை தானா கத்துக்கும்.

சிக்னல் ஒருத்தன் மட்டும்தான் குடுக்கணும். ஆனா நிறுத்துன்னு மட்டும் யார் வேணும்னாலும் காட்டலாம், டீ கொண்டு வர்றவரா இருந்தாலும் சரி. ரெண்டு கையையும் அகலமா நீட்டி ஆட்டினா அப்படியே நிக்கணும், ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம். கிரைண்டிங் சத்தத்துல கத்துறதெல்லாம் வேலைக்கு ஆகாது. ஒடிசா பையனும் துவாக்குடி பையனும் கையால பேசினா ஒரே பாஷை.

லோடைத் தூக்கினதும் ஒரு நாலு விரல்கடை உயரத்துல நிறுத்திப் பார்க்கணும். பிரேக் பிடிக்குதா, பெல்ட் சரியா உட்கார்ந்திருக்கா, ஜாப் சாயுதா, மூணும் அங்கேயே தெரிஞ்சுடும். சாய்வா இழுக்கிறது, அதான் கொக்கியை வெச்சு ஜாப்பைத் தரையில தரதரன்னு இழுக்கிறது, அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்காதீங்க. ரோப், அது சுத்துற டிரம்மோட பள்ளத்தை விட்டு வெளியே ஏறும், ஜாப் திடீர்னு விடுபட்டு பெண்டுலம் ஆயிடும்.

பேனல்_வயர்மேன்

மாமா சொன்னதெல்லாம் சரி. எலக்ட்ரிக்கல்ல ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கோங்க, ட்ரெயினிங்ல யாருமே சொல்ல மாட்டாங்க.

கரண்ட் போய் ஜெனரேட்டர் மாத்தினாலோ, கேபிள் கழட்டி மாட்டினாலோ மூணு ஃபேஸோட வரிசை மாறிப் போய், மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்த வாய்ப்பிருக்கு. அப்போ "மேல" அழுத்தினா கொக்கி கீழ போகும். பசங்க என்ன செய்வாங்க? "ஓ, மாறிப் போச்சு"ன்னு சிரிச்சுக்கிட்டு, கீழ பட்டனை அழுத்தி மேல ஏத்துவாங்க. இங்கதான் ஆபத்து. மேல் லிமிட் சுவிட்ச் (கொக்கி உச்சிக்கு வந்தா மோட்டாரை நிறுத்துறது) பல கிரேன்ல "மேல" கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) சர்க்யூட்லதான் இருக்கும். இப்போ கொக்கியை மேல ஏத்துறது "கீழ" கான்டாக்டர். லிமிட் சுவிட்ச் அடிச்சாலும் அது வெட்டுறது வேலையே செய்யாத சர்க்யூட்டை. கொக்கி பிளாக் ரோப் டிரம்ல போய் முட்டும், ரோப் அறும், பிளாக் விழும். லிமிட் சுவிட்ச் நல்லா இருந்தும் இது நடக்கும்.

அதனால: காலையில ஷிஃப்ட் தொடக்கத்துலயும், ஒவ்வொரு தடவை சப்ளை மாறினதுக்கு அப்புறமும், வெறும் கொக்கியில முதல்ல "கீழ" அழுத்திப் பார்க்கணும். கீழ போச்சுன்னா மேற்கொண்டு வேலை. மேல போச்சுன்னா கை எடு, மெயினை ஆஃப் பண்ணு, எங்களைக் கூப்பிடு. அதுக்கப்புறம் லோடு இல்லாம மெதுவா இன்ச் இன்ச்சா ஏத்தி லிமிட் சுவிட்ச் வெட்டுதான்னு பார்க்கணும். ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே (ஃபேஸ் வரிசை மாறினா கிரேனை ஓடவிடாத கருவி) போடச் சொல்லி மெயின்டனன்ஸ்ல எழுதிக் குடுங்க, கிரேன் விலையில அது ஒரு தூசு.

லிமிட் சுவிட்சை நம்பித் தினமும் கொக்கியை அதுல போய் முட்ட வெச்சு நிறுத்துறதும் தப்பு. அது கடைசித் தடுப்பு, நிறுத்தம் இல்லை.

அப்புறம், லோடு தொங்கும்போது கரண்ட் போச்சுன்னா பிரேக் ஸ்பிரிங்ல தானா பிடிச்சுக்கும், பயம் வேண்டாம். ஆனா ரிமோட்டைக் கீழ வெச்சுட்டு டீக்குப் போகக்கூடாது. சுத்தி ஆள் வராம ஒருத்தன் நிக்கணும்.

கோவை_ஃபவுண்டரிக்காரன்

உங்களுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லைன்னாலும் எழுதுறேன், ஏன்னா எங்க பசங்களுக்கு நான் சொல்ற முதல் கதை இது. 2007 ஏப்ரல் 18, சீனாவுல லியாவோனிங் மாகாணம், டியலிங் நகரத்துல ஒரு ஸ்டீல் ஆலை. 30 டன் அளவுக்கு உருகின எஃகு இருந்த லேடிலை (உருகின உலோகம் சுமக்கிற பெரிய வாளி) ஓவர்ஹெட் கிரேன் கொண்டு போகும்போது லேடில் கீழ வந்து கவிழ்ந்துடுச்சு. பக்கத்து ரூம்ல ஷிஃப்ட் மாறுறதுக்காக ஆட்கள் கூடியிருந்தாங்க. 32 பேர் போயிட்டாங்க. உருகின உலோகத்துக்குன்னு தனியா செஞ்ச கிரேன் இல்லாம சாதாரணக் கிரேனைப் பயன்படுத்தினதும், ஆள் கூடுற ரூமை அவ்வளவு கிட்டத்துல வெச்சதும் விசாரணையில சொன்ன காரணங்கள்ல வருது.

அதனால உங்க பேல டீ குடிக்கிற இடம், டூல் பாக்ஸ் மீட்டிங் போடுற இடம், வருகைப் பதிவு மெஷின், இதெல்லாம் லோடு போற பாதைக்குக் கீழ இருக்கான்னு ஒரு நடை நடந்து பாருங்க. எங்க ஷாப்ல தண்ணி கூலரே கிரேன் பாதைக்கு நேர் கீழ இருந்தது. கூலரை மாத்தினோம், பாதி சண்டை தீர்ந்துச்சு.

டார்கெட்_முக்கியம்

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. லோடு போகும்போதெல்லாம் வெல்டரை எழுப்பி நகர்த்தினா ஷிஃப்ட்டுக்கு எத்தனை ஜாயின்ட் முடியும்? கீழ இறங்கி வந்து பேசுங்க சார்.

கொக்கி_மாமா

வெல்டரை நகர்த்தாதீங்க, லோடு பாதையை நகர்த்துங்க. பே ஓரமா ஒரு பாதையை மஞ்சள் பெயின்ட்ல போட்டு, ஜாப் அதுலதான் போகணும், குறுக்கே வரணும்னா மட்டும் ஹாரன் அடிச்சு ஆளை நகர்த்தணும்னு வெச்சா நேரம் குறையத்தான் செய்யும். வெல்டிங் ஸ்டேஷனை எங்க போடுறதுங்கிறது லே அவுட் போட்டவர் யோசிக்க வேண்டியது. அதைக் கிரேன் ஓட்டுற பையன் தலையில கட்டக்கூடாது.

பே3_சூப்பர்வைசர்

ரொம்ப நன்றி. கோணத்துக்கு வாளி, ஓட்டிப் பழகத் தண்ணி டிரம், ரெண்டும் கண்டிப்பா. காலையில "கீழ முதல்ல"ங்கிறதை பெண்டென்ட் பக்கத்துல படமா வரைஞ்சு ஒட்டப் போறேன். லிஸ்ட் விஷயத்துல ஹெச்ஆர் இழுக்கிறாங்க, பார்க்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும். 5 டன் கிரேன் ரோப்ல ஒரு இடத்துல ரெண்டு மூணு கம்பி உடைஞ்சு முள் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. மெயின்டனன்ஸ்ல "கிரீஸ் போட்டு ஓட்டு"ன்னுட்டாங்க. ஓட்டலாமா? அப்புறம் கொக்கி முழுசாக் கீழ வரும்போது டிரம்ல ரோப் எத்தனை சுத்து மிச்சம் இருக்கணும்?

பேனல்_வயர்மேன்

டிரம்ல குறைஞ்சது ரெண்டு முழுச் சுத்து மிச்சம் இருக்கணும். அது இல்லாம கீழ போகுதுன்னா கீழ் லிமிட் செட்டிங் தப்பு.

கொக்கி_மாமா

ரோப்பைக் கையுறை இல்லாமத் தடவிப் பார்க்காதீங்க, துணி வெச்சுத் தடவினா முள் எங்கெங்க மாட்டுதுன்னு தெரியும். மூணும் ஒரே இடத்துல கிட்டக் கிட்ட இருக்கா, வேற வேற இழையிலயான்னு பாருங்க. வெர்னியர் வெச்சு அந்த இடத்துலயும், தேயாத ஒரு இடத்துலயும் விட்டம் எடுங்க. ரோப் புதுசா வந்தப்போ குடுத்த சர்ட்டிஃபிகேட்ல இருக்கிற விட்டத்தோட ஒப்பிட்டு எழுதி, தேதி போட்டு, போட்டோவோட மெயின்டனன்ஸ்க்குக் குடுத்து, பரிசோதகரைக் கூப்பிடச் சொல்லுங்க. எத்தனை கம்பி உடைஞ்சா கழிக்கணும்ங்கிறது ரோப்போட வகையைப் பொறுத்தது, அதை அவர் சொல்லட்டும். அவர் வர்ற வரைக்கும் 5 டன் கிரேன்ல சிவப்பு டேக் போட்டு பெண்டென்ட்டைப் பூட்டுங்க, 10 டன்ல வேலையை ஓட்டுங்க. கிரீஸ் போட்டா முள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.